இல்லாத கையைத் தேடி

"கை போனதைக்கூடத் தாங்கிக்கிட்டேன்க்கா. போன கை வலிக்குதுங்கறாரு. அதை எங்க போய்ப் பிடிச்சுவிட?"

சடையாண்டியின் மனைவி வார்டு வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே நுழையவிருந்த டாக்டர் தேவசகாயத்தின் காதில் விழுந்தது. அவர் அப்படியே திரும்பி நடந்தார்.

கரும்புச்சாறு பிழியும் மெஷினில் நசுங்கிய அந்தக் கையை எடுத்தவர் அவர்தான். புண் ஆறியபின் அறுந்த நரம்பின் நுனி முடிச்சாகத் திரண்டது. சட்டை உரசினாலே மனிதர் துடித்தார். தேவசகாயம் முடிச்சை வெட்டினார். மறுபடி திரண்டது. அதையும் வெட்டினார். இன்று இன்னொரு ஆபரேஷன். அதற்காக சடையாண்டி காலையிலிருந்து வெறும் வயிற்றோடு கிடந்தார். வெட்டிடுங்கய்யா என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சில்லை.

வலிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பர்வீனுக்கு தேவசகாயத்தின் மகள் வயதுதான் இருக்கும். அவளிடம் அவர் அடிக்கடி சந்தேகம் கேட்கப் போவதைப் பார்த்து, பெரிய டாக்டர் டியூஷன் போகிறார் என்று நர்சுகள் சிரித்தார்கள். அவரும் விளையாட்டாகத்தான் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். இப்போது அதில் விளையாட்டு இல்லை. இன்றும் நேரே பர்வீனின் அறைக்குத்தான் வந்தார்.

"குருவே, வெட்ட வெட்ட ஏன் வளருது?"

போன முறை வெட்டிய முடிச்சின் மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்து, பாருங்கள் என்றார் பர்வீன். சீப்பில் சிக்கிய முடிபோல நரம்பிழைகள் சுருண்டு கிடந்தன.

கருவிலிருக்கும்போது தோல் ஒரு புரதத்தைச் சுரக்கும், அதைத் தேடித்தான் நரம்பு விரல்நுனிவரை போய்ச் சேரும் என்றார். காயம்பட்ட சதையும் அதையே சுரக்கிறது. நரம்பு மறுபடி கிளம்புகிறது. அந்தப் புரதம் பட்ட நரம்புக்குத் தொட்டாலே வலி.

"கை இல்லைன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"அந்தப் புரதத்தையே அடைச்சுட்டா?"

"அதை உணராத நரம்போட சில குழந்தைங்க பிறக்கும். ஒருத்தியைப் பார்த்திருக்கேன். வலின்னா என்னன்னே தெரியாது. பல்லு முளைச்சதும் தன் விரலையே கடிச்சுத் தின்னுட்டா. சிரிச்சுக்கிட்டே."

தேவசகாயம் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"இன்னிக்கு வெட்டினா?"

"வெட்டின இடத்திலேருந்து தேடும்."

"எதுவரைக்கும்?"

"அவர் இருக்கறவரைக்கும்."

தேவசகாயம் கேன்டீனுக்குப் போனார். வார்டுக்குள் வந்தபோது அவர் கையில் இட்லிப் பொட்டலம் இருந்தது.

அதைப் பார்த்ததும் சடையாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.