கூரையில் புல் வளர்த்த வழக்கு

பங்குனி நான்காம் நாள், பொழுது விடிந்து ஐந்து நாழிகை. கடப்பாரையோடு பன்னிரண்டு காவலர்கள் அழகுநாச்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வேங்கை நாட்டைக் கம்பீரவழுதி என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. அவருக்குக் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம்.

அழகுநாச்சி தளம் போடுகிற கொத்துவேலைக்காரி. அவள் வீட்டு மொட்டைமாடி கோடையில் தோசைக்கல்லாகும். கீழே ஐந்து பேர் வெந்து கிடப்பார்கள். அதனால் சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறு சேர்த்துத் தளத்தை இறுக அடித்தாள். ஏழு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தாள், சொட்டவில்லை. பிறகு கூழாங்கல், அதன்மேல் தென்னைநார், அதன்மேல் ஒரு சாண் குளத்து வண்டல் பரப்பி, அருகம்புல்லும் பொன்னாங்கண்ணியும் நட்டாள். வீடு குளிர்ந்தது.

யானைமேல் போன ராஜா அதைப் பார்த்து, "நம் சபை மண்டபத்தைவிட அந்த வீடு குளுமையாக இருக்கும் போலிருக்கிறதே" என்றார்.

அரண்மனைப் பராமரிப்பைப் பார்த்துவந்த சேந்தனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே ராஜாவின் காதில் ஓதினார்: "கூரையில் பச்சை முளைத்தால் குடி பாழ் என்பார்கள். தலைநகரிலேயே ஒருத்தி பாழை வளர்க்கிறாள்." ராஜா வீட்டை இடிக்கச் சொல்லிவிட்டார்.

அழகுநாச்சி வாசலை விட்டு நகரவில்லை. "ராஜா என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை என்னை இடித்துவிட்டுத்தான் சுவரை இடிக்க வேண்டும்."

அவளைச் சபைக்குக் கொண்டுபோனார்கள்.

"விழுந்து கும்பிடு" என்றார் சேந்தனார்.

"வீடு நின்றால் கும்பிடுகிறேன்" என்றவள் ராஜாவிடம் திரும்பினாள். "மகாராஜா, இந்தச் சட்டம் என் கூரைக்கு மட்டுமா, எல்லாக் கூரைக்குமா? எனக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் சட்டமில்லை, பகை."

சேந்தனார் முந்திக்கொண்டார். "எல்லாக் கூரைக்கும்தான். பச்சை முளைத்த வீட்டை இடிப்பது, பொறுப்பானவரை ஊரைவிட்டு விரட்டுவது. குடிசைக்கும் அதுதான், கோட்டைக்கும் அதுதான்."

ராஜாவுக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது. அப்படியே எழுதி முத்திரை வைத்தார்.

"நல்லது. ஓர் ஏணி கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றாள் அழகுநாச்சி.

"எதற்கு?"

"மழைக்காலத்தில் இந்த மண்டபத்துக்குள்ளேயே உங்களுக்கு வெண்கொற்றக்குடை பிடிக்கிறார்களாமே, எதற்கு?"

"அது மரியாதை."

"அது ஒழுகல், மகாராஜா. என் கூரையில் நின்றால் உங்கள் கூரை தெரியும்."

சேந்தனார் குறுக்கே வந்தார். "ராஜாவின் தலைக்கு மேல் எவரும் ஏறக் கூடாது. பதினோரு வருஷமாக அதுதான் வழக்கம்."

"ராஜாவே ஏறலாமே. அவர் தலைக்கு மேல் அவர் இருந்தால் குற்றமா?"

சபையில் யாரோ இருமினார்கள். ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே சாத்திய ஏணியில் ஏறினார். மேலிருந்து குரல் வந்தது.

"சேந்தனாரே, எருக்கு ஏழு இருக்கிறது. விரிசலில் ஓர் அரசமரமும் நிற்கிறது."

"மரமில்லை மகாராஜா, கன்றுதான்."

"ஏறிப் பார்க்காத உமக்கு அது கன்று என்று எப்படித் தெரியும்?"

ராஜா இறங்கி வந்தார். உள்ளங்கை முழுக்கப் பாசி. முத்திரை வைத்த ஓலை எதிரிலேயே கிடந்தது. அதன்படி அரண்மனையை இடிக்க வேண்டும்.

"இதற்கு வழி?" என்றார்.

"ஒரு வரி சேருங்கள். கவனிக்காமல் முளைத்தால் பாழ், நட்டு வளர்த்தால் தோட்டம். என் வீடு நிற்கும். உங்கள் எருக்கைப் பிடுங்கி, தளம் அடித்துப் புல் நட்டால் இதுவும் நிற்கும்."

ராஜா எழுதினார். "போ, உன்னை மன்னித்தேன்."

"நான் தப்புச் செய்யவில்லையே. மன்னிப்பு எனக்கு வேண்டாம். வண்டல் சுமக்க ஆள் வேண்டும்."

ராஜா சிரித்துவிட்டார். அரண்மனைக் கூரைகளை எல்லாம் அவள் பொறுப்பில் விட்டார். சேந்தனாரை ஊரைவிட்டு விரட்டவில்லை. கூடை கொடுத்துக் குளத்துக்கு அனுப்பினார். முதல் கூடையை அவர் ஏணியில் ஏற்றியபோது, "ஐயா, ஒரு சாண் போதும், குவிக்காதீர்கள்" என்றாள் அழகுநாச்சி.

அடுத்து வந்த ஐப்பசி ஒன்பதாம் நாள் விடியவிடியப் பெருமழை பெய்தது. காலையில் சபை கூடியது. வெண்கொற்றக்குடை மூலையில் சாத்தியிருந்தது.