பச்சைத் துண்டு

"சாமி, விட்ட பொய்யைத் திரும்பப் பிடிக்க முடியுமா?"

கரட்டடிச் சாமியாரிடம் இப்படிக் கேட்டவன் கதிரேசன். ஒரு கட்சிக்காக வாட்ஸ்அப்பில் செய்தி தயாரித்துப் பரப்புவது அவன் வேலை. கெட்டிக்காரன். அதுதான் வினை.

"என்ன பொய்?"

"எங்க வார்டுல தங்கப்பழம்னு ஒருத்தர் சுயேச்சையா நின்னார். நல்ல மனுஷன். ஊர்த் தண்ணியைத் தன் தோட்டத்துக்குத் திருப்புறார்னு ஒரு படம் போட்டேன். யாரோ ஒருத்தன் குனிஞ்சு வால்வைத் திருகுற படம். முதுகுதான் தெரியும். தோள்ல இருந்த பச்சைத் துண்டு மட்டும் நான் சேர்த்தது."

"துண்டு எதுக்கு?"

"ஒரு அடையாளம் இருந்தாத்தான் நம்புவாங்க சாமி. விவசாயின்னா பச்சைத் துண்டு. ஆனா அவருக்குத் துண்டு போடுற பழக்கமே கிடையாது."

தங்கப்பழம் தோற்றார். அதோடு போகவில்லை. மகளுக்குப் பேசிய சம்பந்தம் கலைந்தது. தெருக்குழாயில் அவர் வீட்டுக் குடத்தை வரிசையிலிருந்து காலால் தள்ளிவிடுகிறார்கள்.

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் சாமி. பொய்யை ஊரே பகிர்ந்துச்சு. உண்மையைப் பதினோரு பேர் பார்த்தாங்க. அதுல ஒம்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டாங்க. நான் விலை போயிட்டேனாம்."



"அந்தத் துண்டைக் கொண்டு வா. எரிச்சுடலாம்."

"இல்லாத துண்டை எப்படிக் கொண்டு வர்றது?"

"இதையே தங்கப்பழம் வீட்டுல போய்ச் சொல்லு."

கதிரேசனுக்கு நெஞ்சு லேசானது. ஓடினான்.

மறுநாள் திரும்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"துண்டு எங்கே?" சாமியார் சிரித்துக்கொண்டே கேட்டார். 'துண்டே இல்லையே சாமி' என்ற பதிலை எதிர்பார்த்திருந்தார்.

"எரிச்சுட்டாங்க சாமி."

சிரிப்பு நின்றது.

"நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவர் சம்சாரம் கும்பிட்டாங்க. 'அந்தப் பச்சைத் துண்டை அன்னிக்கே அடுப்புல போட்டுட்டோம் தம்பி. இனிமே அவர் வால்வுப் பக்கமே போக மாட்டார். எங்களை விட்டுடுங்க'ன்னாங்க."

"தங்கப்பழம்?"

"உள்ளே உட்கார்ந்திருந்தார். 'ஐயா, துண்டே கிடையாது, நான் சேர்த்தது'ன்னு கத்தினேன். அவர் தோளைத் தடவிப் பார்த்துக்கிட்டார்."

"எந்தத் தோளை?"

"இடது தோளை."

"படத்துல எந்தத் தோள்?"

கதிரேசன் அழத் தொடங்கினான்.

"அதே தோள்தான் சாமி."