இரண்டு விநாடித் தேடல்

இருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு பர்வீனுக்கு முப்பத்து நான்கு. இருந்த வேலை போய், கோவையில் ஓடையை ஒட்டிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வந்து சேர்ந்தவருக்கு இந்தத் தொழிலை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தவர் பர்வீன்தான். குரு 'அண்ணா' என்பார், சீடர் 'மேடம்' என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை.

அவர்கள் பராமரித்தது ஒரு தேடும் கருவி. இப்படிப்பட்ட எழுத்து, அடுத்து இப்படிப்பட்ட எண் என்று ஒரு மாதிரியைக் கொடுத்தால் போதும். நூறு பக்கமானாலும் உள்ளே புகுந்து, அதற்குப் பொருந்துவதைப் பிடித்து வந்துவிடும். ரெகெக்ஸ் என்பார்கள். நோயாளிகளின் கோப்புகளில் மருந்து ஒவ்வாமையைத் தேடுவதற்காக ஒரு மருத்துவமனை அதை வாங்கியிருந்தது.

அந்தக் கருவிக்கு ஒரு கெட்ட குணம். நீளமான கோப்பில் மாட்டிக்கொண்டால் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். திரை அப்படியே நின்றுவிடும். மருத்துவமனையிலிருந்து மூன்று முறை திட்டு வந்தாயிற்று. நான்காவதும் வந்தால் இந்த வேலையும் போய்விடும் என்ற பயத்தில் இருளப்பனுக்குச் சோறே இறங்கவில்லை.

ஒருநாள் காலை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மேடம், இனி நிக்கவே நிக்காது. ரெண்டு செகண்டுல தேடி முடிக்கலைன்னா தானா வெளிய வந்துரும். நேத்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்."

"வெளிய வந்து என்ன சொல்லும்ங்ணா?"

"'இல்லை'ன்னு சொல்லும்."

பர்வீன் எழுந்தார்.

"பின்னாடி பேட்டரி ரூமுக்கு வாங்க."

இருளப்பன் தயங்கித் தயங்கிப் பின்னால் போனார். ஓடையிலிருந்து ஒரு பாம்பு அந்த அறைப் பக்கம் போனதைக் காலையில்தான் வாட்ச்மேன் பார்த்திருந்தார்.

பர்வீன் கதவைத் திறந்தார்.

"வாசல்லயே நின்னு பாருங்க. உள்ள போக வேண்டாம். இருபது எண்ணுவேன்."

உள்ளே அரை இருட்டு. சுருண்டு கிடந்த ஒயர் ஒவ்வொன்றும் இருளப்பனுக்குப் பாம்பாகத் தெரிந்தது. ஒன்றை ஒயர்தான் என்று உறுதி செய்வதற்குள் இன்னொன்று நெளிவது போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருபது முடிந்ததும் பர்வீன் கதவைச் சாத்தினார்.

"பாம்பு இருக்குதுங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப உள்ள போயி அந்த மூலைல இருக்குற நாற்காலிய எடுத்துட்டு வாங்க."

இருளப்பனின் கால் நகரவில்லை.

"இல்லைன்னீங்களே?"

"பாத்த வரைக்கும் இல்லைங்க. அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி பாக்கவே இல்ல. அதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு."

"அது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு?"

இருளப்பன் போனுக்கு ஓடினார். ஆஸ்பத்திரி வார்டின் எண்ணைத் தேடி அழுத்துவதற்குள் விரல் இரண்டு முறை தப்பியது.

"சிஸ்டர், நேத்துல இருந்து எங்க கருவில யாருக்காச்சும் தேடுனீங்களா?"

"ஏழாம் பெட்டுக்குப் பாத்தோம் சார். பென்சிலின் அலர்ஜி இல்லைன்னு வந்துச்சு."

"ஊசி போட்டாச்சா?"

"இப்பதான் சிரிஞ்சுல மருந்து ஏத்துறாங்க."

"போடாதீங்க! கோப்பைப் புரட்டிப் பாருங்க!"

போன் மேசையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஓடும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. இருளப்பன் கும்பிடாத சாமியில்லை.

"சார்..." நர்ஸ் மறுபடி போனை எடுத்திருந்தார். "நாப்பதாவது பக்கத்துல அலர்ஜின்னு எழுதியிருக்குது. ஊசி போடல."

இருளப்பன் போனை வைத்தார். பர்வீன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"மேடம், தேடி முடியாத எடத்துல இனி 'தேடி முடியலை'ன்னே சொல்ல வச்சிர்றேன். ஆனா அதைப் பாத்தா அவங்க பயந்துருவாங்களே. கருவி மேல இருக்குற நம்பிக்கையே போயிருமே."

"பயப்படட்டும்ங்ணா," என்றார் பர்வீன். "பயந்தாத்தான் ஊசியக் கீழ வெச்சுட்டு அவங்களே படிச்சுப் பாப்பாங்க."