ராசாவோட சாப்பாட்டு மணி

முன்னொரு காலத்துல, ஆறு கடல்ல விழுற எடத்துல அலைவாய்ப்பட்டணம்னு ஒரு ஊரு. அதை ஆண்டவரு கோளரி மகாராசா. நல்ல மனுசன்தான், ஆனா கண்ட நேரத்துக்குப் பசிக்கும். அவரு சாப்பிட உக்காந்தா அரமணை மணி அடிக்கணும். அவுக தாத்தா வச்ச வழக்கம் அது. அந்தத் தாத்தா ஒருநாள் அறுபது கொழுக்கட்டையத் தின்னுட்டு யானை மேல ஏறப்போயி... சரி, அது கெடக்கட்டும். மருதாயி கதைக்கு வருவோம்.

மருதாயி ஆத்து மதகைக் காக்குறவ. வெள்ளம் ஏறினா ஆளனுப்புவா. கோயில் சங்கு, பள்ளிவாசல் நகரா முரசு, மாதா கோயில் மணி, மூணும் முழங்கும். சனம் மேட்டுக்கு ஓடிரும். போன வெள்ளத்துக்கு ராசா அவளுக்குப் பட்டுச்சேலை குடுத்தாரு. அதுல மந்திரி வீரபாகு ராயருக்கு ஒரே வயித்தெரிச்சல்.

"மகாராசா, ஒரு ஊருக்கு மூணு சத்தமா? ஆளாளுக்கு எங்க சாமிதான் காப்பாத்துச்சுங்கிறான். இனிமே வெள்ளத்துக்கு ஒங்க மணி மட்டும் அடிக்கட்டும். ஒங்க பேரு நிக்கும்."

"பலே!"ன்னாரு ராசா. தண்டோராவும் போட்டாச்சு.

மருதாயி அரமணைக்கு ஓடினா. மதகுக்குக் கீழ முந்நூறு குடிசை, அதுல அவளோடதும் ஒண்ணு. "ராசா, பகல்ல ஒருதரம் அடிச்சுப் பாருங்க. சனம் மேட்டுக்கு வந்தா நான் மதகையும் ஊரையும் விட்டுப் போறேன். வராட்டி, மழைக்காலம் பூரா ராயரு என் குடிசையில இருக்கட்டும்."

"இருக்கேன்டி!"ன்னு ராயரு மீசைய முறுக்கினாரு.

உச்சிப்பொழுதுல மேட்டுல நின்னு மணிய அடிக்கச் சொன்னாங்க. ஒரு ஆளு அசையல. கீழ வாசல்ல பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தவ, "ராசாவுக்குப் பசிச்சிருச்சு"ன்னா. விடாம அடிச்சாங்க. "விருந்தாளி வந்திருக்காக போல"ன்னா.

"இப்பக் கோயில் சங்க ஊதச் சொல்லுங்க"ன்னா மருதாயி.

"ஊதினா கோயில் தெரு மட்டும்தான் வரும்"னாரு ராயரு.

சங்கு ஊதுச்சு. மொதல்ல மேடேறினது மொகைதீன் ராவுத்தர், கையில கரண்டியோட! "உச்சியில சங்கு ஊத மாட்டாகளே! தண்ணி வருதா?"

"சங்கு நேரம் ஒனக்கு எப்படிய்யா தெரியும்?"ன்னாரு ராசா.

"முப்பது வருசமா அந்திச் சங்குக்குத்தான் ராசா நான் உலை வைக்கிறேன்."

பின்னாடியே மாதா கோயில் தெரு சவேரியம்மா, இடுப்புல பேரனோட. கோயில் தெருக்காரங்கதான் கடைசி. பூட்டைத் தேடுனாங்களாம்!

ராசா மொகம் சுருங்கிருச்சு. "என் மணிக்கு மட்டும் ஏன் வரலை?"

"மத்த சத்தத்துக்கெல்லாம் நேரம் இருக்கு ராசா, நேரம் தப்பினா சனத்துக்குத் தெரியும். ஒங்க வயித்துக்குத்தான் நேரமே இல்ல"ன்னா மருதாயி.

ராசா வயிறு குலுங்கச் சிரிச்சாரு. "என்ன வேணும் கேளு!"

"மூணும் இருக்கட்டும், ஒங்க மணியும் சேரட்டும். நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டாப் போதும்."

அன்னையிலருந்து ராசாவும் நேரத்துக்கே சாப்பிட்டாரு. ஐப்பசியில வெள்ளம் வந்துச்சு. நாலு சத்தமும் கேட்டுச்சு, ஒரு உசுரு போகல. மேட்டுக்கு மொத ஆளா ஓடியாந்தது ராயரு, கக்கத்துல மருதாயியோட ரெண்டு கோழி.

தை மாசம் ஒருநாள் பிற்பகல்ல ராசா ஒரே ஒரு அதிரசத்துக்கு உக்காந்தாரு. மணிக்காரன் பழக்க தோசத்துல அடிச்சுட்டான். ராசா எட்டிப் பாத்தா, வானம் வெளுத்துக் கெடக்கு. ஊரே ஆடு மாடு, சட்டி பானையோட மேட்டுல நிக்குது. ராசா கடிச்ச அதிரசத்தத் தட்டுலயே வச்சுட்டாரு.