ஒரு மணிக்கு ஒரு வெடி

மில்லில் சங்கம் ஆரம்பித்த வாட்ச்மேன் சுடலைக்கண்ணு, முதலாளியின் காரைச் சுட்டாராம். நிரூபணமானால் ஏழு வருஷம் ஜெயில்!

"இதோ, துப்பாக்கி வெடித்த வெளிச்சம்!" கேமரா வீடியோவை நிறுத்திவிட்டு முதலாளியின் வக்கீல் கத்தினார். வாட்ச்மேன் கையில் பளிச்சென்று ஒரு மின்னல். மணி பகல் ஒன்று. "சுட்டாயா, இல்லையா?"

"இது வெடின்னா, தினமும் ஒரு மணிக்குச் சுடுறேங்கய்யா. அதுக்கு முந்தின மூணு நாள் வீடியோவையும் போடுங்க."

ஜட்ஜ் போடச் சொன்னார். திங்கள் மின்னல்! செவ்வாய் மின்னல்! புதனும் மின்னல்! கோர்ட்டே எழுந்து நின்றது.

"துப்பாக்கி எங்கே?" என்றார் ஜட்ஜ்.

சுடலைக்கண்ணு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து, ஜன்னல் வெயிலில் மூடியைத் திறந்தார். பளிச்! வக்கீல் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"இதுலருந்து புளிச்சோறுதாங்கய்யா வரும். கார்ல குண்டு எப்படி வந்துச்சுன்னு முதலாளியக் கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். முதலாளியின் நாற்காலி காலி.