ராணி உடுப்பு தச்ச ஏகாம்பரம் மாஸ்டர்

ஒரு ஊர்ல ஒரு சினிமா ஸ்டுடியோ. அங்க ஏகாம்பரம்னு ஒரு டிரஸ் மாஸ்டர் இருந்தாராம். ம் கொட்டுடி, இல்லன்னா நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துடுவேன். ஆங். மொதல்ல அவரு சிப்பாய் வேஷத்துக்குப் பித்தான் தச்சாரு. அப்புறம் கூட்டத்துல ஆடுற பொண்ணுங்களுக்குப் பாவாடை. அப்புறம் பத்து வருஷம் கழிச்சு, கதாநாயகி குமுதினிக்கே அவருதான் உடுப்பு.

அப்போ ஒரு நாள் சரக் சரக்னு டேப்பை இழுத்து அளவு எடுத்தா, இடுப்பு ஒரு இஞ்ச் கொறஞ்சிருக்கு. "என்னம்மா, சாப்பிடறதில்லையா?"ன்னு கேட்டாரு. அவ லொக்கு லொக்குன்னு இருமிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாஸ்டர், தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவாங்க"ன்னா. அவருக்குப் பாவமாப் போச்சு. உள்ள பஞ்சு வச்சு மெத்துனு தச்சுக் குடுத்துட்டாரு.

ம். அப்புறம் அடுத்த படம். இன்னும் ரெண்டு இஞ்ச் போச்சு, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. கழுத்த மூடி, கைய நீளமா வச்சு ரவிக்கை தச்சாரு. படம் வந்ததும் ஊர்ப்பட்ட பொண்ணுங்க அதே மாதிரி தச்சுப் போட்டுக்கிச்சுங்க. மாஸ்டருக்குத் தலைகால் புரியல.

மூணாவது, ராணி வேஷம். அவளால நிக்கவே முடியல. ஜரிகைத் துணிக்குள்ள மூங்கில் பட்டை வச்சு விறைப்பா தச்சாரு பாரு, உடுப்பே அவள நிமித்திப் புடிச்சுக்கிச்சு. எல்லாரும் படபடன்னு கை தட்டினாங்க. இவரும் சேர்ந்து தட்டினாரு. அந்த மனுஷன நெனச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

ஏன் சொல்லலையா? அவ கெஞ்சிக் கேட்டுக்கிட்டாளே. அதோட, தான் தச்சதப் பாத்து அவருக்கே ஒரு மயக்கம்.

அப்புறம் ஷூட்டிங் கடைசி நாள், உடுப்பக் கழட்டினதும் தொப்புனு விழுந்துட்டா. டாக்டர் வந்து, "ஆறு மாசம் முன்னாடியே காட்டியிருக்கலாமே"ன்னாரு. நாலு நாள்ல போயிட்டா பாவம்.

அப்போ கிராமத்துலேருந்து அவளப் பெத்தவ வந்தா. அழுதுக்கிட்டே, "ரெண்டு படத்தையும் டென்ட் கொட்டாயில பாத்தேன் தம்பி. எம்பொண்ணு பூசினாப்புல இருக்கா, வேளாவேளைக்குச் சாப்பிடறா போலன்னு நிம்மதியா இருந்துட்டேனே"ன்னா.

மாஸ்டரு அவ காலடியில உக்காந்து, "அது நான் தச்சதும்மா"ன்னாரு.

அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. அவரோட ரெண்டு கையையும் புடிச்சு, "எம்பொண்ண நல்லா பாத்துக்கிட்டீங்க தம்பி, நீங்க நல்லா இருக்கணும்"னு சொல்லிட்டுப் போனா.

அவ்வளவுதான்டி கதை, மேல ஒண்ணும் கேக்காத. போர்வைய இழுத்துக்கிட்டுத் தூங்கு.