தலைப்பு குடித்த எண்ணெய்

ஒரு காலத்தில் பெரிய சண்டை ஒன்று நடந்து முடிந்தது. செத்தவர்கள் போக மிச்சமிருந்தவர்கள் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்தச் சண்டையைப் பற்றி வந்த பத்திரிகைகள் மட்டும் ஒரு வக்கீல் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ரொம்ப வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அவை எடைக்கு வந்தன. சந்தை முக்கில் வடைக் கடை போட்டிருந்த மாடத்தி வாங்கிக்கொண்டாள்.

வெளிச்சத்தைக் கண்டதும் தலைப்புச் செய்திகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"எதிரி அடியோடு ஒழிந்தான்!" என்று கூவியது திங்கட்கிழமைத் தலைப்பு.

"ஒழிந்த எதிரி மறுபடியும் தாக்குதல்!" என்றது வியாழக்கிழமைத் தலைப்பு.

"நம் படை வெற்றிகரமாகப் பின்வாங்கியது!" என்றது அடுத்த வாரத்துத் தலைப்பு. சொல்லிவிட்டு அதற்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

கட்டுக்கு மேலே கிடந்தது ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு. 'எதிரி எல்லை தாண்டினான்! எங்கும் கடும் போர்!' என்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கொட்டை எழுத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதற்கு ஒரே ஒரு பயம், எழுத்தைக் கரைக்கிற எண்ணெய். வடை மேலே விழுவதற்குள் யாராவது தன்னை உரக்க வாசித்துவிட வேண்டும். வாசித்தால் நடுங்குவார்கள். நடுங்கினால், இது சாமானியப்பட்ட காகிதம் இல்லை என்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அப்படி ஒரு கணக்கு அதற்கு.

அதன் காலடியில் பொடி எழுத்தில் ஒரு ஜவுளிக் கடை விளம்பரம் ஒண்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, காலைக் கொஞ்சம் மடக்குங்க. மூச்சு முட்டுது."

"வேட்டி விற்கிறவனோடெல்லாம் நான் பேசுகிற வழக்கமில்லை."

மாடத்தி அந்தத் தாளின் மேல் ஓரத்தைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தாள். பத்திரிகையின் பேரும் தேதியும் புகையாய்ப் போயின. மிச்சத் தாளில் சுடச்சுட இரண்டு ஆமவடையை வைத்து, சைக்கிள் கடை இசக்கிமுத்துவிடம் நீட்டினாள்.

இசக்கிமுத்துவுக்கு ஒரு பழக்கம். பொட்டலக் காகிதத்தை வாசிக்காமல் அவனுக்கு வடை இறங்காது. வடையை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கண்ணை ஓட்டினான். தூக்கிவாரிப்போட்டது.

"ஏ மாடத்தியக்கா! சண்டை வந்துட்டுக்கா! எதிரி எல்லையைத் தாண்டிட்டானாம்!"

காகிதம் மஞ்சளாக இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. வடைக் கடையில் எந்தக் காகிதம்தான் வெள்ளையாக இருக்கிறது?

சந்தை கலகலத்துப்போயிற்று. ஒருவர் உப்பு வாங்க ஓடினார். ஒருவர் மண்ணெண்ணெய்க்கு ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே நாலு பேர் பின்னால் ஓடினார்கள். பழக்கடைப் பரமானந்தம், எதிரி நேரே தன் வாழைத்தாருக்குத்தான் வருகிறான் என்பதுபோல அதை இழுத்து உள்ளே வைத்தார்.

தலைப்புக்கு உச்சி குளிர்ந்தது. "பார்த்தாயா! இன்னும் என் பேச்சு எடுபடுகிறது!"

"அண்ணே, அந்த அம்மாவையும் பாருங்க" என்றது வேட்டி விளம்பரம்.

மாடத்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். சட்டியில் வடை கருகிக்கொண்டிருந்தது.

"எந்த எல்லைலே? வடக்கேயா?"

"அது போடலைக்கா."

"எம்மவன் வண்டிமலை அங்கனதானலே பட்டாளத்துக் காவலுக்கு நிக்கான்."

தலைப்பு அச்சான நாளில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறது. காபி குடிக்கிற முகம், வெற்றிலை குதப்புகிற முகம், 'பலே' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுகிற முகம். இப்படி ஒரு முகத்தை அது பார்த்ததே இல்லை.

"ஏ வேட்டி, நீ கத்து! இது பழைய கதை என்று சொல்லு!"

"எனக்கு ஏதண்ணே குரல்? நீங்க இப்படி நீட்டிப் படுத்திருந்தா என்னை எவன் பார்ப்பான்?"

தலைப்பு ஒரு கணம் யோசித்தது. பிறகு வடையிடம் திரும்பியது. "தம்பி வடை, உன் எண்ணெய் முழுக்க என் மேல் இறக்கு."

"இம்புட்டு நேரம் என்னைக் கண்டு மூக்கைச் சுளிச்சீரே?"

"சுளித்தது தப்புதான். சீக்கிரம் இறக்கு."

இசக்கிமுத்துவும் பதற்றத்தில் வடையோடு சேர்த்துக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருந்தான். வடை தாராளமாக இறக்கியது. தலைப்பு கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. எதிரி கரைந்தான். எல்லை கரைந்தது. கடும் போர் இசக்கிமுத்துவின் பெருவிரலில் கறுப்பாய் ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தடவை வாசிலே, சரியாப் பாத்து" என்றாள் மாடத்தி.

அவன் விரித்துப் பார்த்தான். மேலே ஒரே மைக்குழம்பு. வாசிக்கக் கிடந்தது கீழே இருந்தது மட்டும்தான்.

"உயர்ந்த ரக வேட்டி, ஜோடி ஒண்ணரை ரூபாய். துண்டு இனாம்."

பரமானந்தம் வாழைத்தாரை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஒண்ணரை ரூபாயா? எந்தக் கடைலே? எனக்கு ரெண்டு ஜோடி சொல்லு!"

"அண்ணாச்சி, ஒண்ணரை ரூபாய்க்கு இப்போ கோவணம்கூட வராது" என்றார் உப்போடு திரும்பி வந்தவர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையிலிருந்த உப்பைப் பார்த்தார். இசக்கிமுத்துவைப் பார்த்தார். "ஏ மூதி! இது எங்கப்பா காலத்துச் சண்டைலே!"

சந்தையே சிரித்தது. மாடத்தியும் சிரித்தாள், அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. சட்டுவத்தால் இசக்கிமுத்து முதுகில் ஒன்று வைத்தாள். "வடையைத் தின்னுட்டுப் போவியா, ஊரைக் கலைக்க வந்துட்டான்!"

கசங்கின காகிதம் கட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"என்னண்ணே, வாசித்தார்களா? நடுங்கினார்களா?" என்று மற்றத் தலைப்புகள் முண்டியடித்துக் கேட்டன.

"நடுங்கினார்கள்" என்றது அது. எண்ணெய்க்குள்ளிருந்து வந்ததால் குரல் சன்னமாக இருந்தது. "ஒருத்தி நடுங்கினதைக் கிட்டத்தில் பார்த்தேன்."

அவ்வளவுதான் சொன்னது. கட்டுக்குள் ஒவ்வொரு தாளாக, சந்தடியில்லாமல், குப்புறப் புரண்டு படுத்தது.

அன்றைக்கு மாடத்தி கடையில் வடை வாங்கினவர்களுக்கெல்லாம் பின்பக்கத்துக் கூந்தல் தைல விளம்பரம்தான் வாசிக்கக் கிடைத்தது.